பட்டைத்திரையின் சாய்வுப் பொறி

அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் சாளரங்களின் உட்புறத்தே மெல்லிய பட்டைகள் கிடைமட்டமாக, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ‘வெனிஷியன் பிளைண்டு’ என்பது அதன் பெயர். நாம் அதைப் பட்டைத்திரை என்போம். துணித்திரையை மூடினால் அறை இருளும். விலக்கினால் வெயில் முகத்தில் அடிக்கும். பட்டைத்திரையோ வெயிலைத் தடுத்து, ஒளியையும் காற்றையும் உள்ளே விடும். பட்டைகள் சாய்ந்திருக்கும் கோணமே இதற்குக் காரணம். 1769-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் இத்திரைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1841-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஜான் ஹாம்ப்சன், பட்டைகளின் கோணத்தை மாற்றும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

ஒரு கோலை விரலால் திருக, அத்தனை பட்டைகளும் ஒருசேரச் சாய்வது எங்ஙனம்? திரையின் உச்சியிலுள்ள நீண்ட பெட்டிக்குள் ஓர் இரும்புத் தண்டு கிடக்கிறது. அதில் ஆங்காங்கே சிறு உருளைகள் கோக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் உருளையிலிருந்தும் நூலேணி ஒன்று தொங்குகிறது. அதன் படிகளின்மேல் பட்டைகள் அமர்ந்திருக்கின்றன. தண்டு சுழன்றால் ஏணியின் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும், படிகள் சாயும், பட்டைகளும் சாயும்.

அந்தத் தண்டைச் சுழற்றுவதுதான் சாய்வுப் பொறி. தீப்பெட்டி அளவேயுள்ள அதனுள் ஒரு திருகும் ஒரு பற்சக்கரமும் பொருந்தியுள்ளன. திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு பல் மட்டுமே நகரும். சக்கரத்துக்குப் பன்னிரண்டு பற்கள் எனக் கொண்டால், கோலைப் பன்னிரண்டு முறை திருகினால்தான் தண்டு ஒருமுறை சுழலும். வேகம் குறைகிறது, விசை பெருகுகிறது. இன்னொரு சிறப்பும் உண்டு. திருகு சக்கரத்தைத் தள்ளும். சக்கரம் திருகைத் தள்ளாது. ஆதலின், கையை எடுத்த பின்னும் பட்டைகள் விட்ட இடத்திலேயே நிற்கின்றன. கித்தாரின் தந்திகள் தாமே தளராமல் நிற்பதும் இதே அமைப்பினால்தான்.

பழுதின் வித்தும் இங்கேயே இருக்கிறது. பட்டைகள் முற்றும் மூடியபின் தண்டு மேலும் சுழல முடியாது. அதை அறியாமல் கோலைத் திருகிக்கொண்டே போனால், பெருகிய விசை முழுதும் இரண்டொரு பற்களின்மேல் விழுகிறது. பற்களோ பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஆண்டுக்கணக்காக வெயிலில் காய்ந்து நொறுங்கும் நிலைக்கு வந்தவை. உடைந்தபின் கோல் சுழலும், பட்டைகள் அசையா. இதற்காக முழுத்திரையையும் குப்பையில் எறிவோர் பலர். அது வீண் செலவென்பது என் கருத்து. தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பட்டைகள் சாய்ந்தால் ஏணியும் உருளையும் நலமாக உள்ளன. பொறியை மட்டும் மாற்றினால் போதும்.

திரையை முழுதும் உயர்த்திக் கழற்றி மேசைமேல் வைத்து, தண்டைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பழைய பொறி வெளிவரும். புதியது வாங்கும்போது தண்டின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். சில தண்டுகள் அறுகோணம், சில சதுரம். அளவும் முக்கியம்: கால் அங்குலத் தண்டு 6.35 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர்த் துளையில் அது நுழையாது. பெட்டியின் அகலமும் ஆழமும் ஒத்திருக்க வேண்டும். பட்டைகளைக் கிடையாக வைத்த பின்னரே தண்டை மீண்டும் செருகுதல் நலம். இல்லையேல் ஒருபுறம் மட்டும் மூடும்.

கோலுக்குப் பதிலாக இரு கயிறுகள் தொங்கும் பொறிகளும் உண்டு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அவை ஆபத்தானவை. திரைக்கயிறு கழுத்தில் சுற்றிக்கொண்டு குழந்தைகள் இறந்த துயரங்கள் பல நாடுகளில் நேர்ந்துள்ளன. அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த தர விதி, கடைகளில் ஆயத்தமாக விற்கும் திரைகளில் குழந்தையின் கைக்கு எட்டும் நீண்ட கயிறுகளை விலக்கியது. ஆகவே கயிற்றுப் பொறி பழுதுபட்டால், அதே தண்டுக்குப் பொருந்தும் கோல் பொறியைப் பூட்டிவிடலாம். ஆனால் திரையை உயர்த்தும் கயிறு வேறு. அது அப்படியே தொங்கும். அதைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் சுவர்க்கொக்கியில் சுற்றி வைப்பதோடு, கட்டில், நாற்காலி முதலியவற்றைச் சாளரத்தினின்று தள்ளிப் போடவும் வேண்டும்.