திருநீறு வாங்கும் கை

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரை வெறுங்காலோடு சுற்றும் கூட்டத்தில் யாராவது இடறி விழுவது உண்டு. மழை நாளில் கோயில் கல்தளமும் வழுக்கும். விழும்போது கை தானாக முன்னே போய் ஊன்றிக்கொள்கிறது. உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்க, கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பு அதன் நுனிக்குச் சற்று மேலே முறிகிறது. எக்ஸ்ரே வருவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே, 1814இல், டப்ளின் நகர மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை விவரித்து எழுதினார். எலும்பு புறங்கைப் பக்கம் விலகும் வகைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

"சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். உருவ விடாதீர்கள். வளையலையும் மோதிரத்தையும் அங்கேயே கழற்றுங்கள். வீக்கம் ஏறிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அடியில் கனத்த அட்டை ஒன்றை வைத்துத் துண்டால் கட்டி, கையை நெஞ்சோடு அணைத்தபடி மருத்துவமனைக்குப் போங்கள்.

நம் வட மாவட்டங்களில் எலும்பு முறிவுக்குப் புத்தூர் நாட்டு வைத்தியக் கட்டை நம்புகிறவர்கள் ஏராளம். அந்த நம்பிக்கையை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் எலும்பு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல் இறுக்கிக் கட்டினால், ரத்த ஓட்டம் நின்று கையே பாழாகலாம். எந்தக் கட்டாக இருந்தாலும் சரி, விரல் நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

மாவுக்கட்டு பெரும்பாலும் ஐந்தாறு வாரம் இருக்கும். முதல் இரண்டு வாரத்தில் பொருத்திய எலும்பு மறுபடி நகரலாம். அதற்காகத்தான் திரும்ப எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்கிறார்கள். வலி குறைந்துவிட்டதென்று போகாமல் இருந்துவிடாதீர்கள். முதல் சில நாள் கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் வையுங்கள். விரல்களை முழுவதும் மடக்கி, முழுவதும் விரிப்பதை முதல் நாளிலிருந்தே மணிக்கு ஒருமுறை செய்ய வேண்டும். தோளையும் முழங்கையையும் அசைக்க வேண்டும். கட்டோடு கிரிவலம் போகலாமா என்று கேட்கிறார்கள். வீக்கம் வடிந்தபின், மருத்துவர் சம்மதித்தால் நடக்கலாம். நான்கைந்து மணி நேரம் கையைத் தொங்கவிட்டு நடந்தால் விரல்கள் வீங்கிவிடும், அவ்வளவுதான்.

கட்டு பிரித்த அன்று பலர் பயந்துபோகிறார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, மணிக்கட்டு மரக்கட்டை போல இருக்கும். எலும்பு கூடிவிட்டது, கை இன்னும் திரும்பவில்லை. அது திரும்பும் வழியைக் கோயிலில் நாம் அன்றாடம் செய்யும் காரியங்களிலேயே காணலாம்.

வெதுவெதுப்பான நீரில் கையைப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் கைகூப்புதல். உள்ளங்கைகள் பிரியாமல், கூப்பிய கையை மார்பிலிருந்து மெல்லத் தொப்புளை நோக்கி இறக்குங்கள். மணிக்கட்டு பின்னால் வளைவது இதில்தான் மீளும். அடுத்தது திருநீறு வாங்குதல். உள்ளங்கை வானம் பார்க்கத் திரும்புவதுதான் மிகத் தாமதமாக வரும். அது வராதவர் முழங்கையை விலக்கி, தோளைச் சாய்த்துச் சமாளிப்பார். எனவே முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துத் திருப்பிப் பழகுங்கள். சப்பாத்தி மாவு பிசைவதும் ஈரத்துணியை மெல்லப் பிழிவதும் பிடிமானத்தைத் தரும். இழுக்கிற உணர்வு இருக்கலாம். மறுநாள் வரை வலி நின்றால் அளவு மிஞ்சிவிட்டது. நிறைகுடம் தூக்குவதும் தேர்வடம் பிடிப்பதும் மூன்று மாதத்துக்குப் பிறகு, மருத்துவர் சொன்னால்தான். பிடியின் பலம் முழுதாகத் திரும்ப ஒரு வருடம்கூட ஆகும்.

மருத்துவமனைக்கு அலைய முடியாத முதியோருக்காக ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

முறிவு சின்னதாக இருந்தாலும், சில வாரம் கழித்துத் திடீரென்று கட்டைவிரலை மேலே தூக்க முடியாமல் போனால் தசைநாண் அறுந்திருக்கலாம். கை சிவந்து, வியர்த்து, தொட்டாலே எரிந்தால் அது நரம்பு சம்பந்தப்பட்ட வேறொரு தொல்லை. இரண்டுக்கும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஐம்பதைத் தாண்டிய பெண் நின்ற இடத்தில் விழுந்தே மணிக்கட்டை முறித்துக்கொண்டால், எலும்பு அடர்த்தியை அவசியம் சோதிக்க வேண்டும். இதை நான் மன்றாடியே சொல்கிறேன். நம் வீடுகளில் கட்டு பிரித்ததும் அம்மா அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறார். அந்தச் சோதனையை யாரும் நினைப்பதில்லை. தேய்ந்த எலும்பு அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கூழும் களியும் நல்லவைதான். ஆனாலும் எலும்பு மெலிந்தவருக்கு அது மட்டும் போதாது, மருந்து வேண்டும். கட்டு பிரிக்கப் போகும் நாளிலேயே அந்தச் சோதனையைக் கேட்டுவிடுங்கள்.