பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி

லினக்ஸில் டிஎன்எஸ் சர்வர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பைண்ட். 1980-களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய மென்பொருள் இது. இன்று ஐஎஸ்சி என்ற லாப நோக்கற்ற அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. பெயரைக் கேட்டால் ஐபி எண்ணைச் சொல்வது இதன் வேலை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைப்பதற்கு முன், வலையமைப்பிலிருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில்தான் இருந்தன. அந்தக் கோப்பின் வாரிசு ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

டெபியன், உபுண்டு வகைகளில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைண்ட்9’ என்ற ஒரு வரியோடு நிறுவல் முடிந்துவிடும். பின்னணியில் ஓடும் நிரலின் பெயர் ‘நேம்டி’. அது 53-ஆம் போர்ட்டில் காது கொடுத்துக் காத்திருக்கும்.

அமைப்பில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, யார் கேட்டால் வெளி உலகப் பெயர்களைத் தேடித் தருவது என்பது. ‘அலவ்-ரிகர்ஷன்’ என்ற வரியில் சொந்த வலையமைப்பை மட்டும் குறிப்பிட வேண்டும். ஊருக்கே திறந்துவிட்டால், தாக்குபவர் வேறொருவரின் முகவரியைப் போட்டுச் சின்னக் கேள்வி கேட்பார். பெரிய பதில் அந்த அப்பாவியின் தலையில் போய் விழும். 2013 மார்ச்சில் ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் மீது நடந்த தாக்குதல் இப்படித் திறந்து கிடந்த சர்வர்களை வைத்துத்தான் நடந்தது.

அடுத்தது, ஒரு பெயரின் கீழுள்ள பதிவுகளை வைத்திருக்கும் ஸோன் கோப்பு. சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட ‘.டெஸ்ட்’ பின்னொட்டில் ‘ஆபீஸ்.டெஸ்ட்’ என்று ஒரு பெயரை வைத்துக்கொள்ளலாம். கோப்பின் தலையில் எஸ்ஓஏ பதிவு வரும். அதன் கீழே, பொறுப்பான சர்வரைச் சொல்லும் என்எஸ், ‘பிரிண்டர்’ என்ற பெயருக்கு 192.168.1.10 என்று எண் கொடுக்கும் ஏ, அஞ்சலுக்கு எம்எக்ஸ், மாற்றுப்பெயருக்கு சிநேம். எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புதான்.

வம்பு செய்வது புள்ளி. முழுப்பெயரின் கடைசியில் புள்ளி வைக்காவிட்டால், பைண்ட் அதை அரைகுறைப் பெயராக எடுத்துக்கொண்டு ஸோனின் பெயரையும் ஒட்டிவிடும். ‘என்எஸ்1.ஆபீஸ்.டெஸ்ட்’ என்று எழுதியது ‘என்எஸ்1.ஆபீஸ்.டெஸ்ட்.ஆபீஸ்.டெஸ்ட்’ ஆகும். என்எஸ் பதிவில் இப்படி நேர்ந்தால் கோப்பைச் சரிபார்க்கும் ‘நேம்டி-செக்ஸோன்’ கட்டளை, அந்தப் பெயருக்கு முகவரி இல்லை என்று உடனே காட்டிக்கொடுக்கும். சிநேமில் நேர்ந்தால் எழுத்திலக்கணப்படி பிழையே இல்லை; சத்தமில்லாமல் கடந்துவிடும். தேடுபவர் பாடுதான் திண்டாட்டம்.

எஸ்ஓஏ பதிவிலுள்ள சீரியல் எண்ணும் புள்ளிக்குச் சளைத்ததல்ல. கோப்பைத் திருத்திய ஒவ்வொரு முறையும் அதைக் கூட்டியாக வேண்டும். 2025031401 போல ஆண்டு, மாதம், தேதி, அன்றைய திருத்த எண் என்று எழுதுவது வழக்கம். எண் ஏறாவிட்டால், ஸோனின் பிரதியை வைத்திருக்கும் துணை சர்வர் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு சர்வர், இரண்டு பதில்!

திருத்திய கோப்பை ஏற்ற ‘ஆர்என்டிசி ரிலோட்’ கொடுத்தபின் சோதிக்க ‘டிக்’ கட்டளை உதவும். கேள்வியில் ‘@127.0.0.1’ சேர்த்தால் புதிய சர்வரிடமே நேராகக் கேட்கும். ‘என்எக்ஸ்டொமைன்’ என்று வந்தால் பெயரே இல்லை. ‘சர்வ்ஃபெயில்’ என்று வந்தால் ஸோன் ஏறவில்லையோ என்று பதிவேட்டைப் பார்க்க வேண்டும். சரியான பதில் வந்தபின் மற்றக் கணினிகளின் டிஎன்எஸ் முகவரியை இங்கே திருப்பலாம். பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் காலமான டிடிஎல்லை 86400 நொடி என்று கொடுத்திருந்தால், பிறகு செய்யும் மாற்றம் எல்லோருக்கும் தெரிய ஒரு நாள் வரை ஆகும்.