குளியலறைத் தரை வாட்டம்

குளியலறைத் தரை வாட்டம் என்பது, குளியலறைத் தரையில் விழும் நீர் தேங்காமல் வடிகால் வாயைச் சென்றடையும் வகையில், ஓடு பதிப்பதற்கு முன்னரே தரைக்குக் கொடுக்கப்படும் சாய்வு ஆகும். தமிழகக் கொத்தனார்கள் இச்சாய்வை "வாட்டம்" என்கின்றனர். மொட்டை மாடித் தளத்தின் சாய்வுக்கும் இதே சொல் வழங்குகின்றது. வாளியில் நீர் நிரப்பி முகந்து குளிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அறை முழுவதும் நனைவதால், குளிக்கும் இடத்துக்கு மட்டுமன்றி முழுத் தரைக்கும் வாட்டம் தேவைப்படுகின்றது.

காரணம்

ஓடு பதித்துவிட்டால் தரையில் நீர் இறங்காது என்பது பரவலான கருத்து. இது சரியன்று. மெருகிட்ட பீங்கான் ஓட்டின் மேற்பரப்பு நீரை உள்ளே விடுவதில்லை என்றாலும், ஓடுகளுக்கு இடையே நிரப்பப்படும் சிமெண்டு கிரவுட் நுண்துளைகள் கொண்டது. நாள்தோறும் நனையும் தரையில் ஒரு சிறு பகுதி நீர் இவ்வழியே கீழுள்ள கலவைப் படுகைக்குள் இறங்கியே தீரும். அதனைத் தடுத்து நிறுத்துவது ஓடு அன்று, அதற்கும் கீழே பூசப்படும் நீர்க்காப்புப் படலமே ஆகும்.

பல கட்டடங்களில் தளம் மட்டமாக இருக்க, அதன்மேல் நீர்க்காப்புப் பூசி, ஓடு பதிக்கும் கலவையைக் கூட்டியும் குறைத்தும் வாட்டம் கொண்டுவருகின்றனர். இத்தரையில் கண்ணுக்குத் தெரியும் நீர் நன்றாகவே வடியும். கிரவுட் வழியே இறங்கிய நீரோ மட்டமான படலத்தின் மீது செல்ல வழியின்றி நிற்கும். படுகை எப்போதும் ஊறியிருப்பதால் இணைப்புகளில் வெள்ளை உப்புப் பூத்தலும், நீங்காத வாடையும் தோன்றுகின்றன. படலத்தில் சிறு பழுது இருந்தாலும் அந்நீர் கான்கிரீட்டுத் தளத்துள் இறங்குகின்றது. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், கம்பியை மூடியுள்ள கான்கிரீட்டு வெடித்துக் கீழ்வீட்டுக் கூரையிலிருந்து பெயர்ந்து விழும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் இடையே எழும் பூசல்கள் பலவற்றின் வேர் இதுவே எனலாம். எனவே வாட்டம் நீர்க்காப்புக்கும் கீழுள்ள அடுக்கிலேயே அமைய வேண்டும்.

வடிகால் வாயின் விளிம்பு படலத்தைவிட உயர்ந்து நின்றாலும் இதே தொல்லை நேரும். அமெரிக்க முறையில் இதற்கென வடிகால் உறுப்பின் பக்கங்களிலேயே கசிவுத் துளைகள் உள்ளன. நம் நாட்டில் புழங்கும் நகானி டிராப்பில் பொதுவாக இவை இருப்பதில்லை. ஆகையால் படலத்தை டிராப்பின் வாய்க்குள் மடித்து இறக்குதல் வேண்டும்.

சாய்வின் அளவு

இந்தியாவில் பொதுவாக 1:100 முதல் 1:50 வரையான சாய்வு கொடுக்கப்படுகின்றது. அதாவது ஒரு மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ. வரை இறக்கம். 1:100 என்பது ஏட்டில் போதுமானதாகத் தோன்றினாலும் நடைமுறையில் இடர் மிகுந்தது. 300 மி.மீ. ஓடு ஒன்றின் நீளத்தில் அது தரும் இறக்கம் 3 மி.மீ. மட்டுமே. ஓட்டின் வளைவாலோ, பதிப்பவர் கைப்பிழையாலோ 2 மி.மீ. மாறினாலும் வாட்டத்தின் பெரும்பகுதி அங்கே அழிந்துவிடும். நீரின் பரப்பு இழுவிசையும் மெல்லிய நீர்ப்படையைப் பிடித்து நிறுத்தவே முயலும்.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் பன்னாட்டுக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, குளிக்கும் இடத்தின் தரைக்கு அடிக்குக் கால் அங்குலம், அதாவது 1:48, குறைந்த அளவு என்றும், அடிக்கு அரை அங்குலம் உச்ச அளவு என்றும் கூறுகின்றது. அந்நாட்டின் 2010ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் அணுகல் நியமங்களோ, சக்கர நாற்காலி நிற்கவும் திரும்பவும் வேண்டிய தரையில் 1:48க்கு மேல் சாய்வு கூடாது என்கின்றன. ஒன்றின் கீழ் எல்லையே மற்றதன் மேல் எல்லை. இரண்டையும் ஒருங்கே நிறைவு செய்ய வேண்டிய கொத்தனாருக்குப் பிழைசெய்ய இடமே இல்லை.

வடிவவியல்

எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே விகிதத்தில் ஒரு புள்ளியை நோக்கிச் சரியும் பரப்பு ஒரு கூம்பு ஆகும். தட்டையான ஓடு கூம்பின் மீது படியாது. ஆகவே தரையைச் சமதளத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டியுள்ளது.

வடிகால் வாய் அறையின் நடுவில் இருந்தால், நான்கு மூலைகளிலிருந்தும் அதை நோக்கி வரும் கோடுகளில் தரை நான்கு முக்கோணங்களாக மடிகின்றது. அக்கோடுகளில் ஓடுகளை மூலைவிட்டமாக அறுக்க வேண்டும், அல்லது மடிப்புக்கு இசைந்து கொடுக்கும் சிறு ஓடுகளைப் பயன்படுத்த வேண்டும்.

வாய் ஒரு சுவரை ஒட்டியிருக்கும்போது இம்முறை பொருந்தாது. 2 மீட்டர் நீளமுள்ள அறையில் வாய் ஒரு சுவரிலிருந்து 300 மி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். சுவரோரத் தரை முழுவதும் ஒரே மட்டத்தில் இருக்க, எதிர்ச்சுவரிலிருந்து 1:50 சாய்வு வேண்டுமெனில் 1,700 மி.மீ.க்கு 34 மி.மீ. இறக்கம் தேவை. அதே 34 மி.மீ. அருகிலுள்ள சுவரிலிருந்து 300 மி.மீ.க்குள் இறங்கியாக வேண்டும். அதாவது ஏறத்தாழ 1:9. ஈரத்தில் கால் வைத்தால், முதியோர் மட்டுமல்லர், எவரும் வழுக்கி விழக்கூடிய சரிவு இது.

வாயை மூலையில் அமைத்து முழுத் தரையையும் ஒரே சமதளமாகச் சாய்ப்பது இதற்கு எளிய தீர்வு. 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் அறையில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 1:100 கொடுத்தால், எதிர்மூலை வாயைவிட 35 மி.மீ. உயர்ந்திருக்கும். நீர் ஓடும் குறுக்குத் திசையில் மெய்யான சாய்வு ஏறத்தாழ 1:70 ஆகின்றது. ஓடு எதையும் மூலைவிட்டமாக அறுக்க வேண்டியதில்லை. ஆனால் நீர் முதலில் சுவரைத் தொட்டு, பிறகு சுவரோரமாகவே வாய்க்குச் செல்லும். ஆகையால் சுவரும் தரையும் கூடும் மூலையில் நீர்க்காப்பு பழுதின்றி இருத்தல் இங்கே மிக முக்கியம். சுவரின் அடிவரிசை ஓடுகளையும் சாய்வாக அறுக்க நேரும்.

அமைக்கும் முறை

தாழ்தளத்தில் நிரப்பப்படும் செங்கல் ஜல்லி முதலியவற்றை நன்கு இறுக்கிய பின்னரே வாட்டக் கலவை இடவேண்டும். நிரப்பு பின்னாளில் அமிழ்ந்தால் வாட்டமும் திரும்பிவிடும். டியூப் லெவலைக் கொண்டு நான்கு சுவர்களிலும் ஒரே மட்டத்தில் கோடு குறித்து, அக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளந்து ஒவ்வொரு மூலையின் உயரமும் குறிக்கப்படுகின்றது. கணக்கில் பெரும்பாலும் விடுபடுவது ஓட்டின் தடிமன். ஓடு 8 மி.மீ., பசை 4 மி.மீ. எனில் வடிகால் மூடியின் சட்டம் கலவைப் பரப்பைவிடச் சுமார் 10 மி.மீ. மட்டுமே உயர்ந்திருக்கலாம். அப்போதுதான் அது முடிந்த ஓட்டுக்குச் சற்றுக் கீழே அமையும்.

சிமெண்டும் மணலும் 1:4 விகிதத்தில் கலந்த குறைநீர்க் கலவை, சிமெண்டுப் பால் தெளித்த தரையில் முதலில் பட்டைகளாக இடப்படுகின்றது. பட்டைகளின் சாய்வு சரிபார்க்கப்பட்டதும் இடைவெளிகளை நிரப்பி, நேர்கட்டையால் இழுத்துச் சமப்படுத்துவர். வாயருகே கலவை மிக மெலிந்தால் உதிர்ந்துவிடும். சுமார் 25 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு வாரம் நீராற்றிய பின், ஒரு வாளி நீரை ஊற்றி எங்கே தேங்குகின்றது எனப் பார்த்து, பள்ளங்களைக் கரிக்கோலால் வட்டமிட்டு நிரப்ப வேண்டும். ஓடு பதித்த பின் இதைச் செய்ய இயலாது. அதன் பின்னர் நீர்க்காப்புப் பூசி, வாயை அடைத்து, 24 மணி நேரம் நீர் கட்டிச் சோதிப்பது வழக்கம்.

பழைய தரைகள்

பழைய ஓட்டின் மேலேயே பசைகொண்டு புதிய ஓடு பதிக்கும் முறை செலவு குறைந்தது. இதனால் தரை சுமார் 12 மி.மீ. உயர்ந்து, வாசற்படிக்கும் குளியலறைக்கும் இடையிலான தாழ்வு குறைகின்றது. மெல்லிய பசையில் வாட்டத்தைத் திருத்த முடியாது. மட்டமான பழைய நீர்க்காப்பும் கீழே அப்படியே இருக்கும்.