சந்தையும் சட்டியும் – 9
சிதம்பரத்து உளுந்தும் மொசாம்பிக் துவரையும்

தை மாதத்தில் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரிலிருந்து காட்டுமன்னார்கோவில் பக்கம் போகிறவர்கள், சம்பா அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து பச்சை பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். உழவும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கையில், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் விதையைத் தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிஞ்சிய ஈரமும் இரவுப் பனியும் போதும். ஆடுதுறை 3 இந்தத் தரிசு உளுந்துக்குப் பேர்போன ரகம். பங்குனியில் பிடுங்கி அடித்தால் கையில் கொஞ்சம் காசு, வீட்டில் ஒரு பானை உளுந்து.

வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உளுந்தங்களி அந்தப் பானையிலிருந்துதான் வந்தது. 100 கிராம் அரிசியில் ஏழெட்டு கிராம் புரதம் என்றால், உளுந்தில் 20 கிராமுக்கு மேல்.

இப்போது பெல்ட் மெஷின் அறுக்கும் வயலில் இளம் முளை நசுங்குகிறது. தப்பி விளைவதையும் களத்திலேயே வியாபாரி எடை போட்டுக்கொள்கிறார். நெல்லுக்கு ஊருக்கு ஊர் நேரடி கொள்முதல் நிலையம் உண்டு. 2025-26 பருவத்தில் ஊக்கத்தொகையோடு சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். அதே பருவத்தில் உளுந்துக்கும் 7,800 ரூபாய் என்று ஆதரவு விலை அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த விலைக்கு வாங்க அத்தனை நிலையங்கள் இல்லை. கடனை அடைக்க வேண்டியவர் கிடைத்த விலைக்கு விற்கிறார். பிறகு அதே உளுந்தை, தோல் நீக்கிய பருப்பாக, மளிகைக் கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்.

விலையைத் தீர்மானிப்பது கடலூர் மாவட்டத்து விளைச்சல் மட்டும் இல்லை, துறைமுகத்தில் வந்திறங்கும் பர்மா உளுந்தும்தான். 2021 மே மாதம் மத்திய அரசு பருப்பு இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்க மியான்மருடன் ஒப்பந்தமும் செய்தது. அந்த வரத்து இங்கே விலையை அழுத்துகிறது.

இதே கதையின் மறுபக்கம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. 2015-இல் இங்கே துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். மறு ஆண்டே மொசாம்பிக்குடன் இந்தியா ஒப்பந்தம் போட்டது. அந்நாட்டின் வடக்கே, மக்காச்சோளமும் மரவள்ளியும் தின்று வாழும் சிறு விவசாயிகள் நம்மை நம்பித் துவரையைப் பெருக்கினார்கள். 2017 ஆகஸ்டில், அவர்கள் அறுவடை செய்யும் வேளையில், இந்தியா துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தது. அங்கே விலை சரிந்து விழுந்தது. அரசு ஒப்பந்தத்துக்கு விலக்கு இருந்தும் அவர்களைக் காப்பாற்ற அது போதவில்லை.

இங்கே கதவு திறந்ததால் ஒருவர் நஷ்டப்பட்டார், அங்கே கதவு அடைத்ததால் இன்னொருவர். இருவருமே இரண்டு மூன்று ஏக்கர்க்காரர்கள். இவர்களை ஒருவருக்கு ஒருவர் எதிரியாக்கிப் பேசுவது பெரிய அநியாயம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. ஆனாலும் விளைந்த ஊரிலேயே பருப்பு எட்டாப் பொருளாவதை நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முன்பு ரேஷனில் துவரையோடு உளுந்தும் தந்தார்கள். அதை மீண்டும் தர வேண்டும், நம் தரிசு உளுந்தை வாங்கித் தர வேண்டும். பங்குனியில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஆதரவு விலைக்குக் கொள்முதல் நடக்க வேண்டும். இறக்குமதி முடிவை விதைப்புக்கு முன்பே டெல்லி சொல்ல வேண்டும். உளுந்து தெளித்திருக்கும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: வியாபாரி தராசைத் தூக்குமுன், வருஷத்துக்கு வேண்டியதை வீட்டுக்கு அளந்து வைத்துவிடுங்கள்.

(தொடரும்)