கேட்கும் திறன்: துணையும் இடையூறும்

கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு மூடி இல்லை. பின்னால் வரும் வாகனத்தையும், உறங்கும்போது ஒலிக்கும் புகை எச்சரிக்கைக் கருவியையும் காதே முதலில் உணர்த்துகிறது. அதே காரணத்தால், வேண்டாத இரைச்சலையும் அதனால் தவிர்க்க இயலாது. 85 டெசிபல் அளவுக்கு மேற்பட்ட ஓசையை நாள்தோறும் பல மணி நேரம் கேட்போரின் உட்செவியிலுள்ள நுண்ணிய உணர்மயிர்கள் சிதைகின்றன. அவை மீண்டும் வளர்வதில்லை.

முதுமையில் பெரும்பாலும் உயர்ந்த சுருதியுடைய ஒலிகளே முதலில் மங்குகின்றன. பேச்சு காதில் விழும். ஆனால் சொல் தெளிவாக விளங்காது. ‘கல்’, ‘பல்’ போன்ற சொற்கள் ஒன்றுபோலத் தோன்றும். பேரக்குழந்தைகளின் மெல்லிய குரல் பிடிபடாது. இதனை மறதி என்றோ, கவனக்குறைவு என்றோ குடும்பத்தார் எண்ணிவிடுவதுண்டு. முதியவரோ மீண்டும் மீண்டும் கேட்கக் கூசி, புரிந்ததுபோலத் தலையசைக்கிறார். மருந்தின் அளவை மருத்துவர் விளக்கும்போதும் அவ்வாறு தலையசைத்தால் ஆபத்து நேரலாம்.

காது கேட்கும் கருவி பெற்ற சிலர், சில நாட்களிலேயே அதனை மேசை அறைக்குள் வைத்துவிடுகின்றனர். கருவி பேச்சை மட்டுமன்றி, பாத்திர ஓசையையும் குழாய்நீரின் சத்தத்தையும் உயர்த்துவதே காரணம். நெடுநாள் கேளாத ஒலிகளை மூளை மீண்டும் பழகிக்கொள்ளச் சில வாரங்கள் தேவை. முதலில் அமைதியான அறையில் சிறிது நேரம் அணிந்து, படிப்படியாக நேரத்தைக் கூட்டலாம். தொல்லை நீடித்தால், செவிப்புலன் வல்லுநரிடம் கருவியைச் சீரமைத்துக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தார் உரக்கக் கத்துவதால் பயன் இல்லை. தொலைக்காட்சியை நிறுத்தி, வெளிச்சத்தில் முகம் பார்த்து, நிதானமாகப் பேசுவதே உதவும்.

காதில் எண்ணெய் ஊற்றுவதையும் பஞ்சுக்குச்சி நுழைப்பதையும் தவிர்த்து, முதலில் குடும்ப மருத்துவரை அணுகுதல் நன்று. காதுக்குறும்பி அடைத்திருந்தாலும் கேட்கும் திறன் குறையும். திடீரெனக் காது கேளாமற்போனால், அன்றே மருத்துவ உதவி பெற வேண்டும்.

ஓய்வூதியர் சலுகை அட்டை உடையோர், ஆஸ்திரேலிய அரசின் செவிப்புலன் சேவைத் திட்டத்தின்கீழ் மானியத்துடன் பரிசோதனையும் கருவியும் பெற விண்ணப்பிக்கலாம். தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவைப்படுவோர் சந்திப்பைப் பதிவு செய்யும்போதே தெரிவிக்கலாம். 131 450 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.