ரயரின் காற்றைச் சொல்லும் மூடி

32 இறாத்தல் காற்று இருக்கவேண்டிய ரயரில் 24 இருந்தாலும் பார்வைக்கு வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. காலால் உதைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, அதுவும் உதவாது. காற்றுக் குறைந்த ரயர் ஓட ஓட மடங்கிச் சூடேறும். மூட்டை ஏற்றிய வானென்றால் வெடிக்கவும் கூடும்.

அமெரிக்காவில் 2007 செப்டெம்பர் முதல் புதிய கார்களுக்கு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய வாகனத்துக்கும் இதைப் பூட்டலாம். உள்ளே பூட்டும் வகைக்கு ரயரைக் கழற்றவேண்டும். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் வகையை நாமே பூட்டிக்கொள்ளலாம். அது அழுத்தத்தை அளந்து, சாரதி முன்னுள்ள சிறு திரைக்கு வானொலி அலையில் அனுப்பும்.

ஓடுவதற்கு முன், ரயர் குளிர்ந்திருக்கும்போது, வாகனத்துக்குக் குறித்த அளவில் காற்றடித்து மூடியைத் திருகுங்கள். பிறகு சவர்க்கார நீர் பூசிப் பாருங்கள். இதைத் தவறவிடக்கூடாது. இந்த மூடி வால்வு ஊசியை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கும். ஆகவே மூடியின் வாசர் கசிந்தால் ரயரே இறங்கிவிடும். குமிழி வந்தால் கழற்றி மீண்டும் பூட்டுங்கள். வெடித்துப்போன பழைய றப்பர் வால்வில் இந்தப் பாரத்தை ஏற்றவேண்டாம். முதலில் வால்வை மாற்றுங்கள்.

மூடிக்குள் இருக்கும் பற்றரி ஒருநாள் தீரும். கையிலுள்ள காற்றுமானியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.