விழுந்தவர் எழும் காலம் தவக்காலம்



திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் பூசப்படும் சாம்பல் எங்கிருந்து வருகிறது? கடந்த ஆண்டு குருத்து ஞாயிறன்று ஓசன்னா பாடி நாம் ஏந்திச் சென்ற குருத்தோலைகளை எரித்தே அது தயாரிக்கப்படுகிறது. அன்று பச்சையாய் உயர்ந்த ஓலை, இன்று ஒரு பிடிச் சாம்பல். நாம் ஆண்டவருக்குக் கொடுக்கும் வாக்குறுதிகளும் பல வேளைகளில் இப்படித்தான் ஆகின்றன. ஆனால் திருச்சபை அந்தச் சாம்பலைத் தூக்கி எறிவதில்லை. அதைக் கொண்டே 40 நாள் பயணத்தைத் தொடங்கி வைக்கிறது.

"இந்த 40 நாளும் குடிக்க மாட்டேன்" என்று ஒருவர் முடிவெடுக்கிறார். பத்தாம் நாள் தவறி விடுகிறார். "எல்லாம் போச்சு சாமி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று கோயில் பக்கம் வருவதையே நிறுத்தி விடுகிறார். சர்க்கரை நோயுள்ள பாட்டி, வழக்கமான ஒருசந்தி இருக்க முடியவில்லையே என்று கண் கலங்குகிறார். பங்குனி வெயிலில் மில் ஷிப்ட் முடித்து வரும் தாய், சிலுவைப்பாதையில் நிற்கக்கூட முடியாமல் சோர்ந்து விடுகிறார். இவர்களுக்குத் தவக்காலம் சொல்லும் செய்தி என்ன?

முதலில், திருச்சபையின் சட்டமே மனித பலவீனத்தை அறிந்திருக்கிறது. திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் உண்ணா நோன்பு நாள்கள். 18 வயது நிறைந்தவர்கள் தங்கள் 60ஆம் வயது தொடங்கும் வரையே இதற்குக் கடமைப்பட்டவர்கள். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. எனவே மருந்துக்காகச் சாப்பிடும் பாட்டி பாவம் செய்யவில்லை. அவரது முதுமையும் நோயும் இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கத்தக்க காணிக்கையே. நாம் தூசி என்பதை ஆண்டவர் நினைவில் கொள்கிறார் என்கிறார் திருப்பாடல் ஆசிரியர் (திபா 103:14).

அடுத்து, சிலுவைப்பாதையைப் பாருங்கள். 14 நிலைகளில் மூன்று (3, 7, 9) ஆண்டவர் கீழே விழுவதைத் தியானிப்பவை. அவர் விழுந்தது பாவத்தால் அல்ல, பாரத்தால். நாமோ இரண்டாலும் விழுகிறோம். ஆயினும் தரையில் கிடக்கும் நம் அருகில் அவரும் இருக்கிறார். ஐந்தாம் நிலையில் சீரேன் ஊர் சீமோன் தோள் கொடுக்கிறார். இறைமகனே இன்னொருவரின் தோளை ஏற்றுக்கொண்டார் என்றால், உதவி கேட்க நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

நமது திண்டுக்கல் மறைமாவட்டம், திருச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2003 நவம்பர் 10 அன்று உருவானது. அதை ஏற்படுத்திய திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால், அப்போதே நடுக்குவாத நோயால் அவதிப்பட்டுக் கொண்டிருந்தார். 2005ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவ்வாண்டு புனித வெள்ளியன்று உரோமை கொலோசேயத்தில் நடந்த சிலுவைப்பாதைக்கு அவரால் செல்ல முடியவில்லை. தம் சிற்றாலயத்தில் சிலுவையைக் கைகளில் பற்றியபடியே பங்கேற்றார். உயிர்ப்பு ஞாயிறன்று சாளரத்தருகே வந்தவருக்குப் பேச்சு வரவில்லை. கையை உயர்த்தி ஆசீர் வழங்கினார். ஏப்ரல் 2 அன்று இறைவனடி சேர்ந்தார். உலகெங்கும் ஒலித்த குரல் அடங்கிய பிறகும் அவர் மௌனமாகப் போதித்தார். தம் பலவீனத்தை மறைக்கவில்லை, அதைக் கண்டு மனமுடையவும் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பலவீனத்தை ஏற்பது வேறு, அதைச் சாக்காகச் சொல்வது வேறு. "நான் இப்படித்தான்" என்று அமர்ந்து விடுவது தாழ்ச்சி அல்ல. தன் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மும்முறை வேண்டிய புனித பவுல், இறையருளே தமக்குப் போதும் என்று கற்றுக்கொண்டார் (2 கொரி 12:7-10). அதன்பின் அவர் ஓய்ந்து விடவில்லை. இன்னும் ஊக்கமாக உழைத்தார். பேதுரு மும்முறை மறுதலித்தார், மனம் கசந்து அழுதார், அதே ஆண்டவரிடம் திரும்பி வந்தார்.

ஆகவே பத்தாம் நாளில் தவறியவரே, பதினோராம் நாளும் தவக்காலம்தான்! அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒப்புரவு அருட்சாதனத்தை நாடுங்கள். குடிநோய் என்றால் மருத்துவரிடமும் செல்லுங்கள். அதுவும் இறைவன் தரும் உதவியே. அன்பியத்தாரே, விழுந்தவரைப் பற்றிப் பேசுவதை விட்டு, அவருக்குச் சீமோனாக மாறுங்கள்.

நம் பலத்தை நம்பி அல்ல, அவரது இரக்கத்தை நம்பி மீண்டும் எழுவோம். உயிர்ப்பை நோக்கி ஒன்றாக நடப்போம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக!